ஒலிபெருக்கியும் ஓம் கணக்கும்



வானொலியில் பேசுகிறவரின் குரல் உங்கள் செவிக்கு எட்டும் வழியில் கடைசியாக நிற்கும் கருவி ஒலிபெருக்கி. நிலையத்து ஒலிவாங்கி, ஒலிபரப்பி, வானலை, உங்கள் வீட்டு வானொலிப் பெட்டி ஆகிய எல்லாம் தத்தம் கடமையைச் செவ்வனே செய்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இறுதியில் உள்ள சிறு கம்பிச் சுருள் ஒன்று அறுந்திருந்தால் அவ்வளவு உழைப்பும் வீணே. அந்தக் கம்பிச் சுருளின் நலத்தை ஒரு சிறு கருவியைக் கொண்டு அறிவது எங்ஙனம், அக்கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் யாது என்பவற்றையே இன்று காண்போம்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் சாலையில் செம்பட்டி என்னும் ஊர் உள்ளது. பழனி நோக்கிச் செல்லும் சாலை அங்கே பிரிகிறது. தைப்பூசக் காலத்தில் தென்திசையிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள் பலர் அவ்வூர் வழியே போவார்கள். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானப் பந்தல்களும் எழும். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி முழங்கும். கோயில் திருவிழா, திருமணம், பொதுக்கூட்டம் என்று ஆண்டு முழுவதும் இக்கருவிக்கு வேலை உண்டு. ஆகவே அதனைப் பழுது பார்ப்பவர்களுக்கும் வேலை உண்டு.

அத்தகைய சிறு கடை ஒன்றில் ஒரு நாள் ஒரு வழக்கைக் கேட்டேன். கல்லூரி மாணவர் ஒருவர் பழைய ஒலிபெருக்கி ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். அதன் முதுகில் '8 ஓம்' என்று அச்சிட்டிருந்தது. மாணவர் தம் பையிலிருந்த மல்டிமீட்டரை எடுத்து அளந்தார். அது 6.3 என்று காட்டியது.

"அண்ணே, எட்டு என்று எழுதியிருக்கிறது; ஆறுதான் காட்டுகிறது. இது பழுதான சரக்கு" என்றார் அவர்.

"தம்பி, முப்பது வருடமாக இதே வேலைதான் எனக்கு. எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறுதான் காட்டும். எட்டுக்கு மேலே காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்" என்றார் கடைக்காரர்.

மாணவர் நம்பவில்லை, வாங்காமலே சென்றுவிட்டார். ஆறு காட்டுவதன் காரணத்தைக் கடைக்காரரால் எடுத்துரைக்க இயலவில்லை. ஒருவரிடம் கைப்பழக்கம் இருந்தது; மற்றவரிடம் கருவி இருந்தது; இரண்டையும் இணைக்கும் விளக்கம் அங்கே இல்லாமற் போயிற்று. அதனால் ஒருவர் நல்ல பொருளை இழந்தார். மற்றவர் நியாயமான விற்பனையை இழந்தார். அந்த விளக்கத்தை நாம் தேடுவோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். ஒரு கம்பியின் வழியே மின்சாரம் பாயும்போது அக்கம்பி அதற்கு ஓரளவு தடை செய்கிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தடையை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே இன்று வழங்குகிறது. ஒரு வோல்ட் அழுத்தம் ஓர் ஆம்பியர் ஓட்டத்தைச் செலுத்துமாயின் அக்கம்பியின் தடை ஓர் ஓம் ஆகும்.

ஓட்டம், அழுத்தம், தடை ஆகிய ஒவ்வொன்றையும் அளக்க முன்னாளில் தனித்தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் தபால் தந்தித் துறையில் பொறியாளராயிருந்த டொனால்டு மக்காடி என்பவருக்கு இத்தனை கருவிகளையும் சுமந்து திரிவது பெருந்தொல்லையாக இருந்தது. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் வழியை அவர் கண்டார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'அவோமீட்டர்' என்று பெயரிட்ட அக்கருவி 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் எண் காட்டும் மல்டிமீட்டர் அதன் வழித்தோன்றலே.

தடையை அளக்கும்போது மல்டிமீட்டர் என்ன செய்கிறது? தன்னுள் இருக்கும் மின்கலத்திலிருந்து ஒரு சிறிய மின்னோட்டத்தைச் சுருளின் வழியே அனுப்புகிறது. அப்போது சுருளின் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் அழுத்தத்தைக் கொண்டு தடையைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். மின்கலம் தரும் ஓட்டம் ஒரே திசையில், மாறாத அளவில் பாயும் நேர்மின்னோட்டம். மீட்டர் காட்டுவது அந்த நேர்மின்னோட்டத்திற்குக் கம்பி தரும் தடையை மட்டுமே.

இனி ஒலிபெருக்கிக்குள் நுழைவோம். இன்று பெரும்பாலும் வழங்கும் அசையும் சுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். வலிய காந்தம் ஒன்று. அதன் நடுவே வட்டமான குறுகிய இடைவெளி. அந்த இடைவெளியில் எதிலும் உரசாமல் நிற்கும் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய தாள் கூம்பு. இவையே அதன் முதன்மையான உறுப்புகள். சுருளைக் கடைக்காரர்கள் 'வாய்ஸ் காயில்' என்பார்கள். நாம் குரற்சுருள் என்போம். பாட்டின் அலைக்கு ஏற்ப முன்னும் பின்னும் மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றை உந்துகிறது. காற்றின் அதிர்வே நம் செவிக்கு ஒலி.

பாட்டைக் கொண்டுவரும் மின்னோட்டம் நேர்மின்னோட்டம் அன்று. அது நொடிக்குப் பல நூறு முறை, பல ஆயிரம் முறை திசை மாறும் மாறுமின்னோட்டம். அதற்குக் குரற்சுருள் காட்டும் எதிர்ப்பில் கம்பியின் தடை ஒரு பகுதியே. வேறு இரண்டும் உடன் சேர்கின்றன.

ஒன்று, சுருளின் தூண்டல். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அது தன்னுள் பாயும் ஓட்டம் மாறுவதை எதிர்க்கும். ஓட்டம் எத்துணை விரைவாக மாறுகிறதோ அத்துணை மிகுதியாக எதிர்க்கும். ஆகவே உச்சக் குரலுக்கு எதிர்ப்பு மிகும். மற்றொன்று, சுருளின் அசைவு. காந்தப் புலத்தில் அசையும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டார் அன்றோ? குரற்சுருளும் காந்தப் புலத்தில்தானே அசைகிறது? ஆகையால் பாடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கி, தன்னை இயக்கும் அழுத்தத்திற்கு எதிராகத் தானும் ஓர் அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. ஊஞ்சலை அதன் இயல்பான கதிக்கு ஏற்பத் தள்ளினால் சிறு உந்தலுக்கும் பெரிதாக ஆடுவதைப் போல, கூம்பும் தன் இயல்பான அதிர்வெண்ணில் மிகுதியாக ஆடும். அவ்விடத்தில் எதிரழுத்தமும் மிகும், ஓட்டம் குறையும், 8 ஓம் ஒலிபெருக்கி 30, 40 ஓம் கொண்டது போலவும் நடந்துகொள்ளும்.

இவை யாவும் சேர்ந்த மொத்த எதிர்ப்பை ஆங்கிலத்தில் 'இம்பீடன்ஸ்' என்பர். தமிழில் மின்னெதிர்ப்பு என்று வழங்குவோம். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும் இதனை ஒரே எண்ணால் குறிப்பது எளிதன்று. எனவே உலகத் தர நெறி ஒரு வரம்பை வகுத்திருக்கிறது. ஒலிபெருக்கி பணிபுரியும் அதிர்வெண்களுக்குள் அதன் மின்னெதிர்ப்பு எவ்விடத்திலும் குறித்த எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கலாகாது என்பதே அது. எட்டில் 80 விழுக்காடு 6.4. மிகத் தாழ்ந்த மின்னெதிர்ப்பும் கம்பியின் நேர்மின் தடையைவிடச் சிறிது மிகுதியாகவே இருக்கும். ஆகவே 8 ஓம் ஒலிபெருக்கியை மீட்டரால் அளந்தால் 5.5 முதல் 7 வரை காட்டுவது இயல்பு. 4 ஓம் ஒலிபெருக்கி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே காட்டும். 16 ஓம் கருவி பெரும்பாலும் 11 முதல் 14 வரை காட்டும். செம்பட்டிக் கடைக்காரர் சொன்னதே சரி. அவர் காரணம் அறியாமல் சொன்னாலும் அவருடைய முப்பது ஆண்டுப் பழக்கம் அவருக்கு உண்மையையே கற்பித்திருந்தது.

இதனை நீங்களே மெய்ப்பிக்கலாம். மீட்டரை ஒலிபெருக்கியில் பொருத்தி, தாள் கூம்பை விரல்களால் மெல்ல ஒரே சீராக உள்ளே அழுத்தி விடுங்கள். மீட்டரின் எண்கள் தடுமாறும். சுருளின் தடை மாறவில்லை. அசைவினால் பிறந்த அழுத்தம் மீட்டரின் கணக்கில் புகுந்துவிட்டது. பாரடேயின் கண்டுபிடிப்பு உங்கள் விரல் நுனியில் விளங்கும்.

அளக்கும் முறையையும் ஒழுங்காகக் கூறிவிடுகிறேன். முதலாவது, ஒலிபெருக்கியைப் பெருக்கிப் பெட்டியிலிருந்து, அதாவது ஆம்ப்ளிபையரிலிருந்து, முற்றிலும் கழற்றிவிட வேண்டும். பெருக்கி இயங்கும்போது ஓம் வரிசையில் மீட்டரை வைத்தால் அளவு பொய்க்கும், மீட்டரும் கெடலாம். இரண்டாவது, மீட்டரின் திருகைத் தாழ்ந்த ஓம் வரிசையில், பெரும்பாலும் 200 ஓம் என்று குறித்த இடத்தில், நிறுத்த வேண்டும். மூன்றாவது, மீட்டரின் இரு முனைக் கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும். சுழி காட்டவேண்டிய இடத்தில் 0.3 போன்ற சிறு எண் தோன்றும். அது முனைக் கம்பிகளின் சொந்தத் தடை. அதனைப் பின்னர்க் கழித்துவிட வேண்டும். ஆயிரம் ஓம் அளக்கும்போது இச்சிறு எண்ணைப் புறக்கணிக்கலாம். ஆறு ஓம் அளக்கும்போது புறக்கணித்தல் ஆகாது. முள் காட்டும் பழைய மீட்டராயின் முள்ளைச் சுழியில் நிறுத்தும் திருகு இருக்கும். நான்காவது, ஒலிபெருக்கியின் முனைகளில் உள்ள துருவைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

இப்போது கிடைக்கும் விடைகளைப் பார்ப்போம். எதிர்பார்த்த எண் வந்தால் சுருள் அறாமல் இருக்கிறது. மீட்டர் எண் எதுவும் காட்டாமல் இடப்பக்கத்தில் ஒன்று என்னும் இலக்கத்தையோ, 'ஓ.எல்.' என்னும் குறியையோ காட்டினால் வழி எங்கோ அறுந்திருக்கிறது. உடனே சுருள் எரிந்ததென்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளி முனையிலிருந்து கூம்புக்குச் செல்லும் மெல்லிய பின்னல் கம்பி ஓயாது ஆடுவது. அது அற்றுப்போவது உண்டு. பின்னல் கம்பி கூம்பில் சேரும் இடத்திலேயே மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அங்கே ஆறு ஓம் வந்தால், சிறிது கம்பியும் பற்றவைக்கச் சிறிது ஈயமும் போதும். குப்பைக்குப் போகவிருந்த ஒலிபெருக்கி மீண்டும் பாடும். எண் சுழிக்கு அருகில் இருந்தால் சுருளில் குறுக்குச் சுற்று உண்டு. அதனைப் பெருக்கியோடு இணைப்பது ஆபத்து. எண் ஓரிடத்தில் நில்லாமல் தாவினால் பற்றவைப்பு தளர்ந்திருக்கும் அல்லது துரு ஏறியிருக்கும்.

இரண்டு இடங்களில் ஏமாறக் கூடும். பெரிய பெட்டிகளில் கனத்த ஒலிக்கு ஒன்றும் கீச்சொலிக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும். கீச்சொலிக்கு உரியதன் முன்னே மின்தேக்கி ஒன்று நிற்கும். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை விடாது. எனவே பெட்டியின் வெளி முனையில் அளந்தால் உள்ளே இருக்கும் கீச்சொலிக் கருவியின் நலம் தெரியாது. மற்றொன்று, தூர இணைப்புக்கு உரிய நூறு வோல்ட் முறை. பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் இருக்கும் ஒலிபெருக்கிகள் பலவற்றில் சிறு மின்மாற்றி ஒன்று உண்டு. 25 வாட் கருவியாயின் அதன் மின்னெதிர்ப்பு, நூறின் வர்க்கத்தை 25ஆல் வகுத்த 400 ஓம். ஆனால் மீட்டர் மின்மாற்றியின் கம்பித் தடையை மட்டும் காட்டும். அது 400க்கு மிகக் குறைவாக இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நூறு வோல்ட் என்பது விளையாட்டன்று என்பதையும் மறவாதீர்கள். பெருக்கி இயங்கும்போது அக்கம்பிகளைத் தொடலாகாது.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். மீண்டும் செம்பட்டிக்கே வருவோம். திருவிழா மாலை. வாடகைக்கு எடுத்த பெருக்கிப் பெட்டியின் முதுகில் '4 ஓமுக்குக் குறையாமல்' என்று எழுதியிருக்கிறது. நான்கு 8 ஓம் ஒலிபெருக்கிகள் உள்ளன. அனுபவமில்லாத இளைஞர் ஒருவர் நான்கையும் பக்க இணைப்பில், ஒன்றன்பக்கம் ஒன்றாக, ஒரே இணைக் கம்பியில் கட்டிவிடுகிறார். எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. பெருக்கி தாங்கும் நான்கு எங்கே, இந்த இரண்டு எங்கே? அதே அழுத்தத்துக்கு இருமடங்கு ஓட்டம் பாயும். பெருக்கியின் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். பாதுகாப்பு அமைப்பு இல்லாத பெட்டியாயின் நள்ளிரவுக்குள் எரிந்துபோகும். பழுதின் செலவு வாடகைக்கு விட்டவரின் பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும்.

இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொடர்களையும் பக்கத்தில் இணைத்தால் என்ன ஆகும்? எட்டும் எட்டும் பதினாறு. பதினாறும் பதினாறும் பக்கத்தில் சேர்ந்தால் மீண்டும் எட்டு. பெருக்கிக்குத் தொல்லை இல்லை. இதனைச் சரிபார்க்கப் பெருக்கியோடு இணைக்கும் முன் கம்பியின் முனையில் மீட்டரை வைத்தால் போதும். ஒவ்வொன்றும் தனியே 6 ஓம் காட்டினால், பிழையான இணைப்பில் 1.5 ஓம் வரும். சரியான இணைப்பில் 6 ஓம் வரும். வழிக் கம்பியின் தடை சிறிது கூடும், அவ்வளவே. அரை நிமிட வேலை; பெட்டியும் பிழைத்தது, திருவிழாவும் பிழைத்தது.

வழிக் கம்பியின் தடையையும் எளிதாக எண்ணலாகாது. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியின் தடை மீட்டர் நீளத்துக்கு 0.017 ஓம் அளவு. மேடையிலிருந்து ஒலிபெருக்கி 50 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் 100 மீட்டர் கம்பி, தடை 1.7 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியோடு இது தொடரில் நிற்கிறது. 9.7இல் 1.7 பங்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு ஆற்றல், பாட்டாக மாறாமல் வழியிலேயே வெப்பமாகிறது. கம்பியின் பருமனை இருமடங்காக்கினால் தடை பாதியாகும். தொலைவு மிகும்போது நூறு வோல்ட் முறையை நாடுவதும் இதனாலேயே. அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் வழியில் இழப்பும் குறையும்.

வெப்பம் என்றதும் இன்னொரு வியப்பு நினைவுக்கு வருகிறது. செம்பு ஒவ்வொரு செல்சியஸ் டிகிரி சூடேறும்போதும் அதன் தடை நூற்றுக்கு 0.4 அளவு கூடும். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 6 ஓம் காட்டிய சுருள், உரக்கப் பாடி முடித்தவுடன் 7.2 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிற்று. அதனைக் கொண்டு கணக்கிட்டால் சுருள் ஏறத்தாழ 50 டிகிரி சூடேறியிருக்கிறது என்று தெரிகிறது. காந்தத்தின் நடுவே மறைந்து நிற்கும் சுருளின் வெப்பத்தைத் தெர்மாமீட்டர் இன்றியே அறிந்துவிட்டோம்! சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கியில் செல்லும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது பெரும்பாலும் சுருளின் சூடுதான். பெருக்கியின் திருகை இறுதிவரை முடுக்கி இரவெல்லாம் அலற விடும் ஒலிபெருக்கி எரிந்துபோவதற்குக் காரணம் இதுவே.

மெய்யான மின்னெதிர்ப்பையே காண விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனை. 10 ஓம் தடை ஒன்றை ஒலிபெருக்கியோடு தொடரில் இணையுங்கள். சிறு பெருக்கியின் வழியே நொடிக்கு 400 அதிர்வுள்ள ஒரே சுருதியைத் தாழ்ந்த ஒலியில் செலுத்துங்கள். மல்டிமீட்டரைத் தாழ்ந்த மாறுமின் வோல்ட் வரிசையில் வைத்து, தடையின் முனைகளில் ஒரு முறையும் ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு முறையும் அளவுங்கள். முன்னதில் 1 வோல்ட்டும் பின்னதில் 0.7 வோல்ட்டும் வந்தால், பத்தை 0.7ஆல் பெருக்குங்கள், மின்னெதிர்ப்பு 7 ஓம். சுருதியை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் இட்டால், இயல்பான அதிர்வெண்ணில் ஒரு குன்று எழுவதைக் காண்பீர்கள். ஆனால் மலிவான மீட்டர்கள் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் பிழை காட்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சுருள் காந்தத்தில் உரசுகிறதா, கூம்பின் விளிம்பு கிழிந்திருக்கிறதா, இசை இனிமையாக ஒலிக்கிறதா என்பவற்றை அது அறியாது. அவற்றிற்குக் கண்ணும் விரலும் செவியும் வேண்டும். அவ்வகையில் அந்தக் கடைக்காரரிடம் நாம் கற்க வேண்டியவை பல.

கருவி பொய் சொல்லவில்லை, 6.3 என்றது உண்மை. முதுகில் எழுதியிருந்த எட்டும் உண்மை. இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள். எந்த எண்ணைக் கண்டாலும், இது எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்த மாணவர் அவ்வாறு ஒரு கணம் கேட்டிருந்தால், நல்லதோர் ஒலிபெருக்கி அன்று மாலையே அவர் வீட்டில் பாடியிருக்கும்.